கண்காணிப்புக் கேமராவும் அண்டை வீட்டாரின் ஹக்கும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சுற்றுவட்டாரமெங்கும் பட்டுத்தறியின் ஓசை கேட்கும் பூமி இது. திண்ணையும் முற்றமும் வைத்துக் கட்டிய தனி வீடுகளிலேதான் இந்த வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். இப்பொழுது நிலத்தின் விலை ஏறிவிட்டது. காஞ்சி நகரிலும் பெருஞ்சாலை ஓரங்களிலும் அடுக்குமாடிக் கட்டிடங்கள் எழும்பிக் கொண்டிருக்கின்றன. ஒரே படிக்கட்டு, ஒரே லிஃப்ட், ஒரே மொட்டைமாடி. அதில் எட்டுக் குடும்பம், பத்துக் குடும்பம். பல சமயத்தவரும் சேர்ந்து வாழும் இத்தகைய கட்டிடங்களில் நம் சமுதாயத்தவரும் குடியேறி வருகிறார்கள்.

கட்டிடம் எழுந்ததும் அடுத்தபடியாக எழும் பேச்சு கண்காணிப்புக் கேமராவைப் பற்றியதுதான். நெசவாளர் வீட்டில் பட்டு நூலும் சரிகையும் இருக்கும். மற்றவர் வீட்டில் நகை இருக்கும். வாசலில் வண்டி இருக்கும். ஆகவே பயம் நியாயமானதே. ஆனால் கேமராவை எங்கே வைப்பது, எந்தத் திசையில் திருப்புவது, பதிவான படத்தை யார் பார்ப்பது என்ற கேள்விகளை எவரும் கேட்பதில்லை. கேமரா மாட்டுபவர் ஏணி போடுவதற்கு எந்த இடம் வசதியோ, அந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். பிறகு எதிர்வீட்டுப் பெண்மணி கதவைத் திறந்து பால் பாக்கெட் எடுப்பதிலிருந்து, மொட்டைமாடியில் துணி உலர்த்துவது வரை எல்லாம் பதிவாகிறது. அண்டை வீட்டாருக்கிடையே மனக்கசப்பு இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஆகவே இதை இரு பாகமாகப் பிரித்துப் படிப்போம். முதலாவது, மார்க்கமும் சட்டமும் இதில் வகுத்திருக்கும் எல்லை. இரண்டாவது, அந்த எல்லைக்குள் நின்று கேமராவை முறையாக அமைக்கும் வழி.

மார்க்கம் காட்டும் எல்லை

பாதுகாப்புத் தேடுவது தவக்குலுக்கு மாற்றமானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்குப் போதித்தது திர்மிதீ கிரந்தத்தில் வந்துள்ள பிரசித்தமான செய்தி. பூட்டுப் போடுவதும் காவலாள் வைப்பதும் கேமரா வைப்பதும் அந்த வகையைச் சேர்ந்த முயற்சிகளே.

ஆனால் அதே மார்க்கம் பார்வைக்கும் வேலி போட்டிருக்கிறது. பிறர் வீட்டினுள் அனுமதி பெறாமலும் ஸலாம் சொல்லாமலும் நுழையலாகாது என்பது சூரத்துந் நூரின் 27, 28 ஆம் வசனங்கள் தரும் கட்டளை. அதே சூராவின் 58 ஆம் வசனம், வீட்டிலுள்ள பணியாட்களும் சிறு பிள்ளைகளும்கூட மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்கிறது: ஃபஜ்ருக்கு முன், ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் நண்பகல், இஷாவுக்குப் பின். பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை சூரத்துல் ஹுஜுராத்தின் 12 ஆம் வசனம் தடுக்கிறது. கேமராவுக்கோ ஸலாம் சொல்லத் தெரியாது. அந்த மூன்று வேளைகளும் தெரியாது. இருபத்துநான்கு மணி நேரமும் கண் கொட்டாமல் பார்த்துக் கொண்டே இருக்கும். ஆகவே அனுமதி கேட்கும் பொறுப்பு அதை மாட்டுகிறவர் மீது விழுகிறது.

இரண்டு ஹதீஸ்களை இங்கே கவனிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவிலிருந்த துவாரத்தின் வழியே ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தபோது, நபியவர்கள் அதை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கினார்கள். இது புகாரியில் உள்ளது. கால் உள்ளே போகாவிட்டாலும் கண் உள்ளே போய்விட்டால் அது நுழைந்ததாகவே ஆகும் என்பது இதன் படிப்பினை. மற்றொன்று அபூதாவூதில் வருவது. நபியவர்கள் எவர் வீட்டுக்குச் சென்றாலும் வாசலுக்கு நேர் எதிரே நிற்க மாட்டார்கள். வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்றே ஸலாம் சொல்வார்கள். அந்நாளில் வாசல்களுக்குத் திரை இருக்கவில்லை என்பதே காரணம். கேமரா அமைப்பவருக்கு இந்த ஒரு சுன்னத்தே போதுமான பாடமாகும். வாசலுக்கு நேரே நிற்காதே, பக்கவாட்டில் நில். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்தில் திரும்ப வரும்.

நம் ஃபுகஹாக்கள் கேமராவைக் கண்டதில்லை. ஆனால் ஜன்னலைக் கண்டிருக்கிறார்கள். உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை ஹனஃபீ மத்ஹபின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பின் 1202 ஆம் பிரிவு இதைப் பற்றியதே. சமையற்கட்டு, கிணற்றடி, முற்றம் போன்று பெண்கள் புழங்கும் இடங்கள் பிறர் பார்வையில் படுமானால், அது கடுமையான தீங்காகக் கருதப்படும். அப்படிப்பட்ட ஜன்னலைத் திறந்தவர், சுவராலோ பலகையாலோ மறைத்து அத்தீங்கை நீக்க வேண்டும். ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தால் ஆட்சேபம் இல்லை என்றும் அடுத்த பிரிவு விலக்குத் தருகிறது. அதாவது ஜன்னல் இருப்பது குற்றமன்று. பார்வை எங்கே விழுகிறது என்பதே கேள்வி. கேமராவுக்கும் இதே அளவுகோல்தான். அன்றைய கிணற்றடிக்குப் பதில் இன்று துணி துவைக்கும் பால்கனி, முற்றத்துக்குப் பதில் மொட்டைமாடி, அவ்வளவே வித்தியாசம்.

அண்டை வீட்டாரின் ஹக்கு முஸ்லிமுக்கு மட்டும் உரியதன்று. எதிர்வீட்டில் இருப்பவர் எந்தச் சமயத்தவராயினும் அவர் வீட்டுப் பெண்களின் மானம் நமக்கு அமானிதமே. நம் வீட்டுப் பெண்கள் பர்தாவில் இருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் பேசுவது அரைப் பேச்சு. அவர்கள் வீட்டுத் தாய்மார்கள் வாசலில் கோலம் போடும்போது நம் கேமரா அவர்களைப் பார்க்காமல் இருப்பதும் நம் பொறுப்பே.

சட்டம் காட்டும் எல்லை

தமிழ்நாட்டில் நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளின் பொதுக் கட்டிடங்களில் கேமரா அமைப்பதற்கென 2012 ஆம் ஆண்டில் அரசு விதிகள் வகுத்தது. பின்னர் சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்ற திட்டத்தைப் பொதுமக்கள் துணையுடன் நடத்தியது. இவை கேமராவை ஊக்குவித்தவை.

மறுபுறம், அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். 2023 இல் கேரள உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் கேமரா தம் வீட்டைப் பார்க்கிறது என்பதே வழக்காடியவரின் முறையீடு. பாதுகாப்பு என்ற பெயரில் அண்டை வீட்டாரை வேவு பார்க்க இடம் தர முடியாது என்ற கருத்தை அந்நீதிமன்றம் தெரிவித்தது. 2025 இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது ஒரே வீட்டில் வசித்த இரு சகோதரர்களின் வழக்கு. உடன் வசிப்பவரின் சம்மதமின்றிக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைத்தது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பாயிற்று. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இவையன்றி, தனிமையில் இருக்கும் பெண்ணை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77 ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ தரத்தக்க குற்றம்.

கேமரா எதைச் செய்யாது?

இன்னொரு உண்மையையும் மறைக்கலாகாது. 2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமிக்குப் பல மாதங்களாக நடந்த கொடுமை வெளியே வந்தது. கைதான 17 பேரில் லிஃப்ட் இயக்குபவர், காவலாளி, குழாய் வேலை செய்பவர் என்று அந்தக் கட்டிடத்திலேயே பணிபுரிந்தவர்கள் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. திருடன் வெளியிலிருந்துதான் வருவான் என்று கேட்டை மட்டுமே பார்த்துக் கொண்டிருந்தால் போதாது என்பதை இது காட்டுகிறது. லிஃப்டும் தரைத்தளத்து மறைவிடங்களும் பூட்டிய பம்ப் அறையும் கவனிக்கப்பட வேண்டும். அன்றியும், பணியாட்களை விசாரித்து அமர்த்துவதும், பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும் பெற்றோரின் கடமை. அதைக் கேமராவிடம் ஒப்படைத்துவிட முடியாது.

அமைக்கும் முறை

தரைத்தளத்தில் வண்டி நிறுத்தம், அதன்மேல் நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு, ஆக எட்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டிடத்தை உதாரணமாக வைத்துக் கொள்வோம்.

முதற்படி: நடந்து பார்த்தல். குடியிருப்போர் சங்கத்தார் மூவர் காகிதமும் பென்சிலுமாகக் கட்டிடத்தைச் சுற்றி வரட்டும். காலையில் ஒரு தடவை, மஃரிபு நேரத்தில் ஒரு தடவை, நடுநிசியில் ஒரு தடவை. மூவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நலம். எந்த இடத்தில் பயம், எந்த இடத்தில் கூச்சம் என்பதை அவரே அறிவார். ஆட்கள் நுழையும் வழிகள், இருட்டு மூலைகள், ஏறிக் குதிக்கத்தக்க சுவர் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். கூடவே, பார்க்கக் கூடாத இடங்களையும் சிவப்பு மையால் குறியுங்கள்: வீட்டு வாசல்கள், ஜன்னல்கள், பால்கனி, துணி உலர்த்தும் இடம், காவலாளியின் குளியலறை.

இரண்டாம் படி: ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு வேலை. ‘சும்மா இருக்கட்டும்’ என்று ஒரு கேமராவும் வைக்க வேண்டாம். நம் உதாரணக் கட்டிடத்துக்கு எட்டுப் போதும். கேட்டில் வருபவர் முகம் பார்க்க ஒன்று. வண்டி எண்ணைப் பார்க்க ஒன்று. வண்டி நிறுத்தத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு. தரைத்தளத்தில் படிக்கட்டும் லிஃப்டும் தொடங்கும் இடத்தில் ஒன்று. லிஃப்டின் உள்ளே ஒன்று. பின்பக்கச் சந்தும் பம்ப் அறைக் கதவும் தெரிய ஒன்று. மொட்டைமாடிக் கதவுக்கு ஒன்று. கடைசியில் சொன்னது படிக்கட்டின் உட்புறத்தில் இருந்து கதவை மட்டும் பார்க்க வேண்டும். மாடி வெளியைப் பார்க்கலாகாது. யார் ஏறினார், யார் இறங்கினார் என்பதே போதும். அங்கே யார் துணி உலர்த்தினார் என்பது நமக்கு வேண்டாம்.

மாடிகளின் நடைகளில் கேமரா இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். கீழே வாசலிலும் மேலே மொட்டைமாடியிலும் ஆள் பதிவாகிவிட்டால், நடுவிலுள்ள எட்டு வாசல்களையும் பார்க்கத் தேவையில்லை. சங்கத்தார் கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்தால், படிக்கட்டின் திருப்பத்தில் வைத்து, ஏறி வருபவர் முகம் தெரியும்படி படியை நோக்கித் திருப்புங்கள். வாசலுக்கு நேரே நிற்காதே, பக்கவாட்டில் நில் என்ற சுன்னத் இங்கேதான் பொருந்துகிறது.

மூன்றாம் படி: உயரமும் லென்சும். உயரத்தில் வைத்தால் நன்றாகத் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். 12 அடி உயரத்தில் வைத்தால் வந்தவரின் உச்சந்தலையும் தொப்பியுமே தெரியும். முகம் வேண்டுமானால் 8 முதல் 9 அடி உயரம் ஏற்றது. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தைக் கொண்டு அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்குச் சுமார் 250 புள்ளிகள் வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அறிய மட்டும் 25 புள்ளிகள் போதும். 2 மெகாபிக்சல் கேமரா அகலத்தில் 1920 புள்ளிகள் தரும். அகன்று பார்க்கும் 2.8 மி.மீ. லென்சில் சுமார் 3 மீட்டர் தூரம் வரையும், 4 மி.மீ. லென்சில் சுமார் 4.5 மீட்டர் தூரம் வரையுமே முகம் தெளிவாக அடையாளம் தெரியும். ஆகவே கேட்டின் முகக் கேமரா கேட்டுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அகன்ற லென்சை எங்கும் மாட்டினால் திருடனின் முகமும் தெரியாது; அண்டை வீட்டு ஜன்னல் மட்டும் தெரியும்.

வெளிச்சத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பினால் வருபவர் கறுப்பு உருவமாகத் தெரிவார். இரவில் ஒளி வீசும் கேமராவைச் சுவருக்கும் தாழ்வாரக் கூரைக்கும் ஒட்டி வைத்தால், அந்த ஒளி திரும்பிப் பட்டுப் படம் வெளுத்துவிடும். சிலந்திவலை கட்டினாலும் அதே கதிதான். மாதம் ஒரு முறை துடைக்க வேண்டும்.

நான்காம் படி: மறைப்பு. எவ்வளவு திருப்பினாலும் பக்கத்து வீட்டு ஜன்னல் ஓரமாகத் தெரியக்கூடும். இதற்காகவே படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைக்கும் வசதி அநேகக் கேமராக்களில் உண்டு. மாட்டுபவரிடம் கேட்டு வாங்கிச் செய்து கொள்ளுங்கள். மஜல்லா சொன்ன பலகை மறைப்பு இதுவே. பிறகு எட்டு வீட்டாரையும் அழைத்து, ஒவ்வொரு கேமராவிலும் தெரியும் காட்சியைக் காட்டுங்கள். பெண்களும் வந்து பார்க்கட்டும். ஆட்சேபம் உள்ளவர் அங்கேயே சொல்லட்டும். அதன் பின்னரே கையெழுத்து வாங்குங்கள். பொது இடம் எல்லாருக்கும் கூட்டாகச் சொந்தம். ஆகவே ஒருவர் தம் இஷ்டப்படி அங்கே கேமரா மாட்டலாகாது.

ஐந்தாம் படி: பதிவும் சாவியும். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட் ஆகும். எட்டுக் கேமராவுக்கு 173. முப்பது நாளைக்கு ஏறக்குறைய 5.2 டெராபைட். 6 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினால் ஒரு மாதப் பதிவு நிற்கும். பழையது தானே அழிந்துவிடும். அதற்கு மேல் சேர்த்து வைக்க அவசியமில்லை. பிறர் நடமாட்டத்தை வருஷக் கணக்கில் சேமிப்பது பாதுகாப்பாகாது; பாரமாகும். பதிவுப் பெட்டியைக் காவலாளியின் மேஜையில் வைக்காமல் பூட்டிய அலமாரியில் வையுங்கள். திருடன் கேமராவை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கதைகள் உண்டு. மின்சாரம் நின்றாலும் ஓடும்படி யு.பி.எஸ். இணையுங்கள்.

கம்பெனியார் தந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016 இல் ‘மிராய்’ என்ற தீய நிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் ஏராளமான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றி, இணையத்தையே ஸ்தம்பிக்கச் செய்தது. நம் வாசலைப் பார்க்கும் கண் எங்கோ இருக்கும் அந்நியன் கைக்குப் போகலாமா?

பதிவு ஓர் அமானிதம்

செயலாளரின் செல்போனில் எந்நேரமும் கேமராக் காட்சி ஓடுவது இன்று பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இது கூடாது. பதிவைத் திறக்க இருவர் சேர்ந்திருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், காரணம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். திருட்டு, விபத்து, பிள்ளை காணாமற்போதல், காவல்துறையின் கோரிக்கை ஆகிய காரணங்களுக்கு மட்டுமே திறக்கலாம். எந்த வீட்டுக்கு யார் வந்தார், எந்தப் பெண் எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்று பார்ப்பதற்குத் திறந்தால், அது சூரத்துல் ஹுஜுராத் தடுத்த அதே காரியம். அதை வாட்ஸப்பில் அனுப்பினால் புறமும் சேர்ந்துவிடும். ஒரு குமரிப் பெண்ணின் வாழ்வு கெட ஒரு நிமிஷப் படம் போதும் என்பதை மறவாதீர்கள்.

சில கேள்விகளும் விடைகளும்

கேள்வி: என் சொந்தச் செலவில் என் வாசலில் கேமரா வைக்கிறேன். எதிர்வீட்டாரிடம் கேட்க வேண்டுமா?

விடை: கேமரா உம்முடையது, அதில் தெரியும் வாசல் அவருடையது. எதிர்வாசல் தெரியாதபடி கீழ்நோக்கித் திருப்பும். அல்லது அப்பகுதியை மறைத்துவிடும். அதன் பின்னும் அவருக்குக் காட்டிவிடுவதே நல்ல அண்டை வீட்டாரின் பண்பு.

கேள்வி: கேமராவில் பேச்சையும் பதிவு செய்யலாமா?

விடை: வேண்டாம். படிக்கட்டில் நிற்போரின் பேச்சை ஒளிந்து கேட்பதற்கு அது ஒப்பாகும். 2021 இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கிலும், வீட்டுக் கேமராக்கள் தொலைவிலுள்ளோர் பேச்சையும் பதிந்தது அளவுக்கு மீறியது என்றே முடிவாயிற்று. ஒலிப்பதிவை நிறுத்தி வைக்க வசதி உண்டு, நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வேலைக்கார அம்மாவைக் கவனிக்க வீட்டுக்குள் வைக்கலாமா?

விடை: குழந்தையோ நோயாளியோ தனித்திருக்கும் வீட்டில் அவசியம் நேரலாம். ஆனால் அவரிடம் சொல்லிவிட்டே வைக்க வேண்டும். உடை மாற்றும் இடம், படுக்கை, குளியலறைப் பக்கம் ஆகியவற்றை நோக்கி ஒருபோதும் வைக்கலாகாது. ஏழையின் மானமும் மானமே.

கேள்வி: உருவப் படம் பற்றிய தடை இதில் வராதா?

விடை: கேமராப் படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாதுகாப்பு போன்ற அவசியத்துக்கு அனுமதித்தோர் பலர். உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டு நடந்து கொள்ளுங்கள். ஆனால் பிறர் வீட்டை எட்டிப் பார்ப்பது ஆகாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இம்மாதம் வீட்டில் செய்ய வேண்டியது

உங்கள் கட்டிடத்தில் ஏற்கெனவே கேமரா இருந்தால், சங்கத்தாரிடம் கேட்டு ஒவ்வொன்றிலும் என்ன தெரிகிறது என்று குடும்பத்தோடு ஒரு முறை பாருங்கள். உங்கள் வாசல் தெரிந்தால் மறைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், உங்கள் கேமராவில் பிறர் வாசல் தெரிந்தால் கேட்காமலே மறைத்துவிடுங்கள். கேமரா உள்ள இடத்தில் ‘இங்கே பதிவு செய்யப்படுகிறது’ என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். யாருக்கும் தெரியாமல் பார்ப்பது காவல் அன்று.

நம் செயல்களையெல்லாம் பார்த்துக் கொண்டிருக்கும் அல்லாஹு தஆலா, அடியார்களின் குறைகளை மறைப்பவனாகவும் இருக்கிறான். பார்க்கும் கருவி நம் கைக்கு வந்திருக்கும் இக்காலத்தில், மறைக்கும் குணத்தையும் அவன் நமக்குத் தந்தருள்வானாக! நம் வீடுகளையும் அண்டை வீட்டாரின் வீடுகளையும் எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.